மலைநாட்டு மாவீரர் கெப்பெட்டிபொல திசாவை

நுவரெலியாவிலிருந்து ஹக்கலை மலையைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்குவோருக்கு வெலிமடைக்கு அண்மையில் கெப்பெட்டிபொல என்ற ஊர் புதியதன்று. உருளைக்கிழங்கும் கோவாவும் கரட்டும் மூட்டை மூட்டையாக வந்து குவியும் மரக்கறிச் சந்தை அங்கேதான் இருக்கிறது. நம் தோட்டங்களில் அவ்வூர்ப் பெயரை உச்சரிக்காத வீடு இல்லை. ஆனால் அப்பெயரைத் தாங்கிய மனிதர் ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே மலைகளில் போர் நடத்தி, கண்டி நகரில் வாளுக்குத் தலை கொடுத்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காகப் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்து விடுகிறோம். அவர் நம்மவர் அல்லர், நமக்கென்ன என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. அந்த எண்ணம் சரியா என்பதை இம்மலரைப் படிக்கும் வாலிப அன்பர்களும் பெரியோர்களும் இச்சரிதத்தின் முடிவில் தாமே தீர்மானித்துக் கொள்வார்களாக.

மொனரவில கெப்பெட்டிபொல என்பது அவர் வரலாற்றில் வழங்கும் பெயர். கண்டி இராச்சியத்தின் உயர்குடிப் பிரபுக்களுள் ஒருவர். அந்த இராச்சியம் பல மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டு, பெரிய மாகாணம் ஒவ்வொன்றும் ஒரு திசாவையின் கீழ் இருந்தது. திசாவை என்பவர் வெறும் உத்தியோகத்தர் அல்லர். தம் எல்லைக்குள் வரி தண்டுபவரும் அவரே. வழக்குத் தீர்ப்பவரும் அவரே. போர் மூண்டால் குடிபடைகளைத் திரட்டி முன்னின்று நடத்தும் தளபதியும் அவரே. ஐரோப்பாவில் சிற்றரசர் போன்ற பிரபுக்கள் தத்தம் நாட்டை ஆண்டு தம் படைக்குத் தாமே தலைமை தாங்கியது போன்றதொரு பதவி அது. அப்படிப்பட்ட பதவியில் ஊவா மாகாணத்துக்கு அதிபதியாய் விளங்கியவர் கெப்பெட்டிபொல.

அக்காலத்தில் கண்டிச் சிம்மாசனத்தில் இருந்தவன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். 1739ஆம் ஆண்டு தொடங்கித் தென்னிந்திய நாயக்கர் வமிசத்தார் கண்டியை ஆண்டு வந்தனர். அவ்வமிசத்தின் கடைசி மன்னன் இவன். கண்ணுசாமி என்பது இவனுடைய இளமைப் பெயர். 1798இல் முடிசூடிய இவன் ஆட்சியின் முற்பகுதியில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றவன். பிற்பகுதியில் யாரையும் நம்பாதவனாய், பிரபுக்களைச் சந்தேகித்துக் கொடுந்தண்டனைகள் விதிக்கத் தலைப்பட்டான்.

அந்தச் சந்தேகம் கெப்பெட்டிபொலவின் குடும்பத்தையே தீயாய்ச் சுட்டது. அவருடைய சகோதரி எஹலப்பொல என்னும் பெரும் பிரபுவின் மனைவி. 1814ஆம் ஆண்டு எஹலப்பொல மன்னனுக்கு மாறாகச் சப்பிரகமுவையில் கிளர்ச்சி செய்து தோற்று, ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். அவருடைய மனைவி மக்களோ கண்டியில் மன்னனின் கையில் இருந்தனர். மன்னன் அவர்களுக்கு மரண தண்டனை விதித்தான். குழந்தைகள் தாயின் கண்ணெதிரே வெட்டுண்டனர் என்றும், மூத்தவன் அஞ்சியபோது இளையவன் தானே முன்வந்தான் என்றும், தாய் போகம்பறை வாவியில் அமிழ்த்தப்பட்டாள் என்றும் சிங்கள மக்கள் இன்றுவரை கண்ணீருடன் சொல்லி வருகின்றனர். கெப்பெட்டிபொலவுக்கு அந்தத் தாய் உடன்பிறந்தவள். அந்தக் குழந்தைகள் மருமக்கள். இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இவர் செய்த செயலின் பெருமை இதை மறந்தால் விளங்காது.

மன்னனை வெறுத்த பிரபுக்களின் உதவியோடு 1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டியுள் நுழைந்தது. மன்னன் பிடிபட்டான். மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி அரண்மனை மண்டபத்தில் ஓர் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. மன்னன் நீக்கப்பட்டான், நாயக்கர் வமிசத்துக்கு இனி அரசுரிமை இல்லை, ஆட்சி இங்கிலாந்து முடிக்கு உரியது, ஆயினும் பௌத்த மதம் பேணப்படும், நாட்டின் வழக்கங்களும் பிரபுக்களின் உரிமைகளும் காக்கப்படும் என்பது அதன் சாரம். அதில் ஒப்பமிட்ட பிரபுக்களுள் ஊவாத் திசாவையாகிய கெப்பெட்டிபொலவும் ஒருவர். தம் சகோதரியைக் கொன்றவனின் ஆட்சி ஒழிந்ததென்று அன்று அவர் உள்ளம் ஆறுதல் அடைந்திருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் ஒப்பந்தத்தின் மை உலர்ந்த சில காலத்துக்குள்ளேயே நிலைமை புலப்படலாயிற்று. முன்னர் மன்னன் ஒருவனுக்கு மட்டும் தலை வணங்கிய பிரபுக்கள் இப்போது சாதாரணச் சிப்பாய்களாலும் மதிக்கப்படாத நிலைக்கு வந்தனர். அரசன் இல்லாத நாட்டில் பெரஹரா நடந்தாலும் அதன் நடுநாயகம் வெறுமையாகவே இருந்தது. குடிமக்களுக்கோ தம் முறையீட்டைக் கேட்கும் மன்னன் கடல் கடந்த தேசத்தில் இருக்கிறான் என்பது விளங்கவே இல்லை. நாட்டைக் காக்க வந்தவர்கள் நாட்டை எடுத்துக்கொண்டார்கள் என்ற பேச்சு ஊர்தோறும் எழுந்தது.

1817இல் வெல்லசப் பகுதியில் பொறி விழுந்தது. வில்பாவே என்னும் ஒருவன், முன்னர்த் துறவியாய் இருந்தவன், தான் நாயக்க மன்னனின் உறவினனாகிய துரைசாமி என்று கூறிக்கொண்டு காட்டுக் கிராமங்களில் தோன்றினான். மக்கள் அவனைச் சூழ்ந்தனர். அதே வேளையில் வெல்லசை முஸ்லிம்களைத் திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹஜ்ஜி மரிக்கார் என்பவரை அவர்களுக்குத் தலைவராக ஆங்கிலேயர் நியமித்திருந்தனர். இது பிரபுக்களின் மனக்கசப்பை வளர்த்தது. ஹஜ்ஜி மரிக்கார் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். விசாரிக்கச் சென்ற பதுளை அதிகாரி வில்சன் 1817 அக்டோபரில் அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சி தீயாய்ப் பரவியது.

இத்தீயை அணைக்க ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்தவர் யார்? ஊவாவின் திசாவையாகிய கெப்பெட்டிபொலவே! அவரைவிட அம்மக்களை அறிந்தவர் வேறு இல்லை. ஆங்கில அதிகாரிகள் பலர் அவருடைய நண்பர்கள். சுமார் 500 ஆட்களும், துவக்குகளும், வெடிமருந்தும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவரும் புறப்பட்டுச் சென்றார்.

அலுபொத்த என்ற இடத்தை அடைந்தபோது அவருடைய வாழ்க்கையின் திருப்பம் நேர்ந்தது. எதிரே நின்றவர்கள் கொள்ளையர் அல்லர்; அவருடைய சொந்தக் குடிகள். அவருடைய மாகாணத்து உழவர்கள். தம்மை எதிர்த்து வில்லேந்தி நின்றவர்களுடைய முறையீட்டை அவர் செவிமடுத்தார். அந்நியனின் துவக்கைக் கொண்டு தம் மக்களைச் சுடுவதா, அல்லது தாம் இட்ட ஒப்பத்தைத் தாமே அழிப்பதா என்ற கேள்வி அவர்முன் நின்றது. 1817 நவம்பர் தொடக்கத்தில் அவர் மக்களோடு சேர்ந்துவிட்டார்.

சேர்ந்தவர் முதலில் செய்த காரியம் யாது தெரியுமா? ஆங்கிலேயர் தம்மிடம் நம்பிக்கையாய்க் கொடுத்த துவக்குகளையும் வெடிமருந்தையும் அவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டார். கிளர்ச்சிக்காரர் கையில் இருந்தவை பெரும்பாலும் வில்லும் அம்பும் பழைய துவக்குகளுமே. போர் தொடங்கப்போகிற தளபதிக்கு ஆயுதம் பொன்னைக் காட்டிலும் அரியது. ஆயினும், எதிரி கொடுத்த ஆயுதத்தால் எதிரியைத் தாக்குவது நம்பிக்கைத் துரோகம் என்று அவர் கருதினார். இதைப் பேதைமை என்பாரும் உளர். நீதிக்காகப் போராடப் புறப்படுகிறவன் அநீதியான முதற்படியில் கால் வைக்கலாகாது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். சாதாரண மனிதனுக்கும் மகா புருஷனுக்கும் உள்ள தூரம் இந்த இடத்தில்தான் தெரிகிறது.

இங்கே இன்னொன்றையும் நோக்க வேண்டும். எவனுடைய பெயரால் இக்கிளர்ச்சி நடந்தது? தம் சகோதரியைக் கொல்வித்த மன்னனின் உறவினன் என்று சொல்லிக்கொண்டவனின் பெயரால்! சொந்தப் பகையைப் பெரிதாய் நினைத்திருந்தால் கெப்பெட்டிபொல அந்தப் பக்கம் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார். வீட்டுத் துயரத்தை ஒரு தட்டிலும் நாட்டுத் துயரத்தை மறு தட்டிலும் வைத்து நிறுத்து, நாட்டின் தட்டே தாழ்ந்தது என்று கண்டார். நம்முள் பலர் பங்காளிச் சண்டைக்காகவும் தொழிற்சங்கப் போட்டிக்காகவும் பொதுக் காரியத்தைக் கைவிடுகிறோம். சங்கக் கூட்டத்தில் இன்னார் வந்தால் நான் வரமாட்டேன் என்கிறோம். அத்தகைய நமக்கு இது ஒரு பெரிய பாடம் அன்றோ?

துரைசாமியாய் வந்தவன் அவரை மகா அதிகாரமாக நியமித்தான். போர்ப் பொறுப்பு முழுவதும் அவர் தோளில் விழுந்தது. ஊவாவில் தொடங்கிய கிளர்ச்சி வலப்பனை, மாத்தளை, தும்பறை என்று பரவிக் கண்டி இராச்சியத்தின் பெரும்பகுதியைத் தழுவியது. ஆள்பதி பிரவுண்றிக் கண்டிக்கே வந்து தங்கிப் போரை நடத்த நேர்ந்தது. 1818 ஜனவரி முதலாம் திகதி கெப்பெட்டிபொலவும் மற்றத் தலைவர்களும் துரோகிகள் என்று பிரகடனம் செய்யப்பட்டது. அவர்களின் சொத்துகளும் பறிக்கப்பட்டன. பெப்ரவரியில் கண்டி மாகாணங்கள் இராணுவச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன.

ஊவாப் பரணகமையில் மேஜர் மக்டொனால்ட் என்பவர் சுமார் 60 வீரர்களுடன் ஒரு குன்றின்மேல் அரண் அமைத்திருந்தார். 1818 பெப்ரவரி இறுதியில் கெப்பெட்டிபொல ஆயிரக்கணக்கான மக்களோடு அதைச் சூழ்ந்து எட்டு நாள் அளவும் தாக்கினார். அரண் விழவில்லை. குன்றின்மேல் நின்ற பயிற்சி பெற்ற துவக்குப் படைக்கு முன் வில்லும் அம்பும் பலிக்கவில்லை. இன்றும் ‘போர்ட் மக்டொனால்ட்’ என்று அந்த இடத்துக்குப் பெயர் வழங்குகிறது. காட்டில் மறைந்து தாக்குவதில் வல்லவர்களான மலைநாட்டவர் வெளியில் நின்று முற்றுகையிடுவதில் வெல்ல முடியாமற் போனதே இப்போரின் போக்கை உணர்த்துகிறது.

ஆயினும் ஆங்கிலேயரும் எளிதில் வெல்லவில்லை. காடும் மழையும் காய்ச்சலும் அவர்களை வாட்டின. அக்காலத்தில் இந்நாட்டில் இருந்த இராணுவ மருத்துவர் ஜோன் டேவி, ஆங்கிலப் பக்கம் இறந்தோர் ஏறக்குறைய 1,000 பேர் என்றும், அவர்களுட் பெரும்பாலோர் நோயால் மாண்டனர் என்றும் எழுதியிருக்கிறார். சென்னையிலிருந்து புதிய சிப்பாய்ப் படைகள் வரவழைக்கப்பட்டன. நம் முன்னோர் இம்மலைகளில் கூடை சுமப்பதற்கு முன்னரே, அவர்கள் பிறந்த தேசத்து ஆட்கள் இங்கே துவக்குச் சுமந்து வந்திருக்கிறார்கள் என்பதை நாம் வெட்கமின்றியும் மறைப்பின்றியும் அறிந்துகொள்ள வேண்டும். கூலிக்காகச் சுமந்த துவக்கு அது.

பிறகு ஆங்கிலப் படை கைக்கொண்ட முறை கொடியது. வீடுகள் எரிக்கப்பட்டன. நெல்லும் மாடுகளும் கைப்பற்றப்பட்டன. பழமரங்கள் வெட்டப்பட்டன. ஊவாவிலும் வெல்லசையிலும் ஊர்கள் பாழாயின. பட்டினியும் நோயும் துவக்கைவிட அதிகம் பேரைக் கொன்றன. மலைநாட்டு மக்களில் மாண்டவர் சுமார் 10,000 பேர் என்று அதே டேவி மதிப்பிட்டார்.

இந்நிலையில் மற்றோர் இடியும் விழுந்தது. துரைசாமி என்று வந்தவன் நாயக்க வமிசத்தவன் அல்லன், வெறும் வேடதாரி என்பது வெளியாயிற்று. கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான மடுகல்லவே அவனைப் பிடித்துத் தொழுமரத்தில் பூட்டினார். எந்த முடிக்காகப் போர் செய்தார்களோ அந்த முடியே பொய் என்றாயிற்று. பலர் சரணடைந்தனர். கெப்பெட்டிபொலவோ சரணடையவில்லை. அரசன் பொய்யாகலாம், ஆனால் எரிந்த வீடுகள் பொய்யல்லவே! வேடதாரியை நம்பியது அவருடைய பிழை என்று சொல்வோரை நாம் மறுக்க வேண்டியதில்லை. பெரியோரும் பிழை செய்வதுண்டு. அப்பிழையின் பலனைப் பிறர் தலையில் போட்டுவிட்டுத் தாம் தப்பாமையே அவர்களின் பெருமை.

1818 அக்டோபர் 28ஆம் திகதி அனுராதபுரப் பக்கத்தில் ஒரு குடிசையில் தங்கியிருந்தபோது ஆங்கிலப் படை அவரைச் சூழ்ந்தது. அவர் ஓடவில்லை. தாமே முன்வந்து, தாம் யார் என்பதை அறிவித்துப் பிடிபட்டார். அடுத்த மாதம் கண்டியில் இராணுவ மன்றம் அவரை விசாரித்து மரண தண்டனை விதித்தது.

நவம்பர் 26ஆம் திகதி காலை. அவருடைய வேண்டுகோளின்படி முதலில் தலதா மாளிகைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். சன்னிதியில் விழுந்து வணங்கினார். தம் வாழ்நாளில் செய்த புண்ணியங்கள் எடுத்துரைக்கப்பட்டன. மறுபிறப்பு இமயமலைச் சாரலில் அமையவும், முடிவில் நிர்வாணம் அடையவும் பிரார்த்தித்தார். கையில் காணிக்கை ஒன்றும் இல்லை. அரையில் சுற்றியிருந்த மேலாடை ஒன்றை அவிழ்த்து அதையே காணிக்கையாக வைத்தார். கந்தையானாலும் கொடுக்கும் மனத்தால் அதன் புண்ணியம் குறையாது என்பது அவர் நம்பிக்கை. கிறிஸ்தவ வேதத்தில் ஏழை விதவை இட்ட இரண்டு காசின் கதையைப் பள்ளியில் கேட்டவன் நான். கண்ணப்பர் படைத்த ஊனின் கதையைப் பாட்டியிடம் கேட்டவன். அவ்விரண்டும் எனக்கு இங்கே ஒருங்கே நினைவுக்கு வந்தன. வழிபடும் பெயர் வேறாகலாம். அன்போடு கொடுக்கும் கை எங்கும் ஒன்றே.

அங்கே நின்றவருள் சோவர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி ஒருவர். கெப்பெட்டிபொலவின் பழைய நண்பர். தம்மைக் கொல்லும் அரசாங்கத்தின் உத்தியோகத்தராகிய அவரை அழைத்து, தாம் செய்த அந்தக் கடைசிக் காணிக்கையின் புண்ணியத்தில் பங்குகொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். பகைவனுக்குப் பொருள் கொடுப்பவரைக் கேட்டிருக்கிறோம். புண்ணியத்தில் பங்கு கொடுத்தவரைக் கேட்டதுண்டா?

பின்னர்ப் போகம்பறை வாவியருகே கொண்டு சென்றார்கள். எந்த வாவியில் சகோதரி மாண்டாளோ அதன் கரையிலேயே சகோதரனும் நின்றான். அன்று கொன்றவன் நாயக்க மன்னன். இன்று கொல்பவன் ஆங்கில ஆள்பதி. கெப்பெட்டிபொல தம் கூந்தலைத் தாமே உச்சியில் முடிந்து கொண்டார். மடியிலிருந்த சிறிய பண ஓலை நூலை எடுத்துச் சில பகுதிகளை ஓதினார். அந்நூலைச் சோவர்ஸிடம் சேர்க்கும்படி ஓர் உத்தியோகத்தரிடம் கொடுத்தார். கழுத்தை நீட்டி, புத்தரின் நாமத்தை உச்சரித்தபடியே வாள்வீச்சை ஏற்றார். மடுகல்லவும் அன்றே அங்கே மாண்டார்.

அவருடைய மண்டையோட்டையும் விட்டுவைக்கவில்லை. ஹென்றி மார்ஷல் என்னும் இராணுவ மருத்துவர் அதை எடுத்துச் சென்று எடின்பரோ நகரில் மண்டையோட்டின் அமைப்பை ஆராயும் சங்கத்துக்குக் கொடுத்தார். வியப்பு யாதெனில், இவருடைய கடைசி நேரத்து வீரத்தை விரிவாக எழுதி உலகுக்கு அறிவித்தவரும் அதே மார்ஷல்தான். இலங்கை சுதந்திரம் அடைந்தபின் அம்மண்டையோடு திரும்பி வந்தது. தலதா மாளிகையின் எதிரே எழுப்பிய நினைவுத் தூணின் கீழ் இன்று துயில்கிறது. துரோகிகள் என்று 1818இல் இட்ட பிரகடனமோ 2016 டிசம்பரில்தான் கண்டியில் இரத்துச் செய்யப்பட்டது. ஒரு வீரனின் பெயரைத் துடைத்துச் சுத்தம் செய்ய ஏறக்குறைய 200 ஆண்டுகள் சென்றன!

வாலிப அன்பர்களே, இனித் தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு வருவோம். இவர் நமக்கு யார்?

கெப்பெட்டிபொல மாண்ட சில ஆண்டுகளில் மலைநாட்டுக்குப் பாதைகள் வெட்டப்பட்டன. 1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கியது. 1840ஆம் ஆண்டுச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாக்கியது. நிலம் துரைமார் கைக்குப் போயிற்று. அந்நிலத்தில் உழைக்க, மன்னாரில் கரையேறி மாத்தளை வழியே கால்நடையாய், வழியெல்லாம் பிணமாய் விழுந்து விழுந்து வந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். 1867இல் தேயிலை வந்தது. கோப்பி அழிந்தது, லயம் நிலைத்தது. ஊரை இழந்த சிங்களக் குடியானவனும், ஊரைவிட்டு வந்த தமிழ்க் கூலியாளும் ஒரே கையால் நகர்த்தப்பட்ட இரண்டு காய்கள். ஒருவரையொருவர் பறித்தவராய்ப் பார்க்குமாறு நம்மைப் பழக்கிவிட்டார்கள். பறித்தவர் எவர் என்பதைக் கெப்பெட்டிபொலவின் சரிதம் கூறுகிறது.

நாமும் ஒரு பிரகடனத்தின் பாரத்தைச் சுமந்தவர்களே. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் பெரியோர் நாடற்றவராயினர். அந்தப் பெயரை முற்றும் துடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஆகவே பிறந்த மண்ணிலேயே அந்நியன் என்றும் துரோகி என்றும் எழுதப்படுவதன் வேதனை நமக்கு விளக்கிச் சொல்லவேண்டியதன்று. அந்த வேதனையை அறிந்தவர்களுக்கு அவர் அந்நியர் ஆவாரா?

அடுத்த முறை கண்டிக்குச் செல்லும்போது, கதிரேசன் கோவிலில் கும்பிட்டு முடித்து, கடைவீதிக்குப் போகுமுன் சற்றே தலதா மாளிகைப் பக்கம் நடந்து, அந்த நினைவுத் தூணின்முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். கூட இளையவர்கள் வந்தால், எதிரி கொடுத்த துவக்கைத் திருப்பி அனுப்பியவர் இங்கே இருக்கிறார் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர் துயிலும் மலைநாடு நம் மலைநாடும் ஆகும்.